தக்கைச் சட்டைப் புராணம்

காப்பு

புராணத்தைக் காப்புச் செய்யுளோடு தொடங்குவது மரபு. இது முழுக்கக் காப்பைப் பற்றிய புராணம் என்பதால் செய்யுளை விட்டுவிட்டு நேராகக் கடலில் குதித்துவிடுவோம். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டீர்கள்தானே? மாட்டியிருக்க மாட்டீர்கள். கதை மூவாயிரம் வருடமாக இழுத்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான்.

மனிதனைத் தண்ணீரில் மிதக்க வைப்பது பெரிய வித்தை அல்ல. காற்றடைத்த தோல், தக்கை, பஞ்சு என்று எதைக் கட்டிவிட்டாலும் மிதப்பான். அதற்குக் காசு கொடுக்க அரசாங்கத்தையும், அதை மாட்டிக்கொள்ள மனிதனையும் சம்மதிக்க வைப்பதுதான் வித்தை. அதில் இறங்கியவர்களில் ஒருவர் திவாலானார், ஒருவர் மோதிரத்தை அடகு வைத்தார், இருவர் செத்த பிறகும் கல்லறையிலிருந்து வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாய்மரக் கப்பல் காலத்தில் கடலில் விழுந்தவன் கதை மிகச் சிறிய கதை. கப்பலுக்கு பிரேக் கிடையாது. மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் போகிற கப்பல் ஒரு நிமிடத்தில் சுமார் 250 மீட்டர் தாண்டிவிடும். பருமலில் ஏறிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் கை நழுவி விழுந்தால், "ஆள் விழுந்தாச்சு" என்ற கூச்சல் தலைவர் காதில் ஏறி, அவர் வைது முடித்து, பாய்களைத் திருப்பி, கப்பலை நிறுத்தி, படகை இறக்குவதற்குள் விழுந்தவன் ஒரு புள்ளி ஆகியிருப்பான். அப்புறம் புள்ளியும் இருக்காது. மாலுமிகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தால் சாகிற நேரம் நீளும், அவ்வளவுதானே என்பது அவர்கள் சித்தாந்தம். பிரிட்டிஷ் கடற்படை போகிற வருகிறவனையெல்லாம் பிடித்துக் கப்பலேற்றிய காலம் வேறு. மிதக்கிற சட்டையைக் கொடுத்தால் கரை தெரிந்த முதல் இரவே குதித்துக் கம்பி நீட்டிவிடுவான் என்று மேலிடம் பயந்ததாக ஒரு பேச்சு உண்டு. கைதிக்கு ஏணி வாங்கித் தருகிற சிறையதிகாரியை எங்கே பார்த்திருக்கிறோம்?

ஆட்டுத்தோல் படலம்

கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நசிர்பால் ஆற்றைக் கடந்து யாரையோ அடிக்கப் போகிறான். அவன் வேலையே அதுதான். நிம்ருத் அரண்மனைச் சுவரில் இதைச் செதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கல்லை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். வீரர்கள் ஆளுக்கொரு ஊதிய ஆட்டுத்தோலை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு நீந்துகிறார்கள். தோலின் வாய் அவர்கள் வாயில் இருக்கிறது. காற்று இறங்க இறங்க ஊதிக்கொண்டே, ஒரு கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போர்க்களத்துக்குப் போகிறார்கள். அக்கரை சேரும்போது வாளை உருவ அவர்களுக்கு மூச்சு மிச்சமிருந்ததா என்று சிற்பி சொல்லவில்லை. தேர்களுக்கு மட்டும் படகு உண்டு. அரசாங்க வாகனத்துக்கு முன்னுரிமை தருவது இன்று நேற்றைய வழக்கமல்ல.

அதற்குப் பிறகு இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. லியோனார்டோ டாவின்சி, வளையத்துக்குள் ஒருவன் மிதப்பது போல ஒரு படம் வரைந்தார். வரைந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் சுபாவம் அது.

அடுத்து வருகிறவர் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியாரும் கணித ஆசிரியருமான லா ஷப்பெல். தக்கைத் துண்டுகளைத் துணிக்குள் வைத்துத் தைத்து ஒரு சட்டை செய்து, 1775-இல் அதைப் பற்றி ஒரு கனத்த புத்தகமும் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினால் மார்பு வரை தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நிற்கலாம். நம்பாதவர்களுக்காகத் தண்ணீரில் நின்றபடியே சாப்பிட்டுக் காட்டினார், குடித்துக் காட்டினார், கைத்துப்பாக்கியால் சுட்டும் காட்டினார். மூழ்குகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்றால், ஐயா மனதில் இருந்தது ஆற்றைக் கடக்கிற படைவீரன். காசு பட்டாளத்திடம்தானே இருக்கிறது. உயிர் காக்கும் கருவியை விற்க அதை உயிர் எடுக்கும் கருவியாகக் காட்ட வேண்டியிருந்த முதல் வியாபாரி அவர்தான் என்று சொல்லலாம்.

மத்தாப்புப் படலம்

பகலில் விழுந்தவனுக்காவது ஒரு கட்டையை வீசலாம். இரவில் விழுந்தவனுக்கு வீசினால் கட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியாது. அவன் எங்கே என்று நமக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் லெப்டினன்ட் குக் இதற்கு வழி கண்டார். ஆஸ்திரேலியாவுக்குப் போன கேப்டன் குக் வேறு, இவர் வேறு.

இவருடைய மிதவை கப்பலின் பின்புறம் தொங்கிக்கொண்டிருக்கும். தலையணை அளவில் இரண்டு செம்புக் கலங்கள். உள்ளே வெறும் காற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பம். கம்பத்தின் அடியில் ஈய எடை, உச்சியில் மருந்து அடைத்த திரி. மேல்தளத்தில் இரண்டு பிடிகள். ஒன்றை இழுத்தால் துப்பாக்கிக் குதிரை போல ஒன்று தட்டித் திரி பற்றிக்கொள்ளும். மற்றதை இழுத்தால் மிதவை கழன்று கடலில் விழும். விழுந்தவன் நீந்தி வந்து இரண்டு கலங்களுக்கு நடுவே தோளைக் கொடுத்து, அடியிலுள்ள எடையில் காலை ஊன்றி, தலைக்கு மேல் மத்தாப்பு எரிய நட்டநடுக் கடலில் நிற்க வேண்டும். உற்சவ மூர்த்திக்குக்கூட இத்தனை ஏற்பாடு கிடையாது.

சிரித்தாலும், ஐடியா அபாரமானது. எடை அடியில் இருப்பதால் கம்பம் சாயாது. வெளிச்சம் அவனுக்கும் தெரியும், தேடிவரும் படகுக்கும் தெரியும். இன்றைக்கும் பெரிய கப்பல்களின் மேல்தளத்து ஓரங்களில், விழுந்ததும் தானே விளக்கெரிந்து புகை கக்கும் மிதவைகள் தொங்குகின்றன. குக்கின் மத்தாப்புக்குப் பேரப்பிள்ளைகள் அவை. குக்கைத்தான் யாருக்கும் தெரியாது. கூகுளில் தேடினால் முதலில் வருகிறவர் மற்ற குக்.

கல்லறைப் படலம்

விழுந்தவனைத் தூக்கிவரும் படகே மூழ்கினால்? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் லண்டன் லாங் ஏக்கர் தெருவில் குதிரைவண்டி செய்துகொண்டிருந்த லயனல் லுக்கின். பக்கங்களில் தக்கை, உள்ளே காற்றறைகள் என்று மூழ்காத படகு ஒன்றைச் செய்து 1785-இல் காப்புரிமை வாங்கினார். கடும் புயலில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ராம்ஸ்கேட் துறைமுகத்துப் படகோட்டி ஒருவரிடம் கொடுத்தார். படகு போனது, போனதுதான். வேறு எந்தப் படகும் தலைகாட்டாத புயலிலெல்லாம் அது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஜோராகப் போய்வந்ததாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. கள்ளக்கடத்தல் என்று சந்தேகம். சோதனையில் இதைவிடப் பெரிய வெற்றி எந்தக் கண்டுபிடிப்பாளருக்குக் கிடைக்கும்?

1789-இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வென்ச்சர்' என்ற கப்பல் தரைதட்டியது. கரையில் பெருங்கூட்டம் நின்று வேடிக்கை பார்க்க, மாலுமிகள் ஒவ்வொருவராகக் கடலில் விழுந்தார்கள். மனம் நொந்த சவுத் ஷீல்ட்ஸ் ஊர்ப் பெரியவர்கள் சிறந்த உயிர்காப்புப் படகு மாதிரிக்கு இரண்டு கினி பரிசு அறிவித்தார்கள். கோயில் குமாஸ்தாவான வில்லியம் உட்ஹேவ் ஒரு மாதிரி கொண்டுவந்தார். ஒரு பெண்ணின் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதந்த உடைந்த மரக்கிண்ணத் துண்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாராம். அது ஒவ்வொரு தடவையும் தானே நிமிர்ந்துகொண்டதாம். கவிழ்ந்தாலும் நிமிரும் படகுக்கான யோசனை அங்கே பிறந்தது என்பது கதை. கமிட்டி ஆழ்ந்து ஆலோசித்து, யோசனை பாதி நன்றாக இருக்கிறது என்று பாதிப் பரிசு, ஒரு கினி, நீட்டியது. உட்ஹேவ் கொதித்துப் போனார்.

படகைக் கட்டும் வேலை ஹென்றி கிரேட்ஹெட் என்ற படகுத் தச்சருக்குப் போனது. 1790-இல் 'ஒரிஜினல்' என்ற படகு கடலில் இறங்கியது. அடுத்தவர் யோசனைகளையும் சேர்த்துக் கட்டிய படகுக்கு அந்தப் பெயரை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். 1802-இல் பாராளுமன்றம் கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுண்டு கொடுத்தது. ரஷ்யப் பேரரசர் வைர மோதிரம் அனுப்பினார். இருந்தும் மனிதர் பிற்பாடு திவாலானார்.

உட்ஹேவின் கல்லறைக் கல்லில் உயிர்காப்புப் படகைக் கண்டுபிடித்தவர் இவரே என்று எழுதியிருக்கிறது. தெற்கே ஹைத் என்ற ஊரில் லுக்கினின் கல்லறைக் கல் இல்லை, இவரே என்கிறது. இருநூறு வருடமாகியும் இரண்டு கல்லும் அசைந்து கொடுக்கவில்லை.

பீரங்கிப் படலம்

கப்பல் கரைக்கு மிக அருகில் உடையும்போது படகும் போக முடியாது. அலை அடித்து நொறுக்கிவிடும். ஒரு கயிறு போய்ச் சேர்ந்தால் போதும். யார் கொண்டுபோவது?

கேப்டன் ஜார்ஜ் மேன்பி இங்கே நுழைகிறார். கடற்படைத் தளபதி நெல்சனின் பள்ளித் தோழன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர். நெல்சன் 12 வயதில் பள்ளியை விட்டுக் கடற்படைக்குப் போனபோது மேன்பிக்கு வயது ஐந்து. போகட்டும், பால்வாடித் தோழன் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் காதலனான கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவர் இவரைச் சுட்டு, இவர் பிழைத்த சம்பவமும் உண்டு. துப்பாக்கி மருந்தால் வாழ்க்கையில் எதையாவது நல்லதாகச் செய்தாக வேண்டும் என்று அப்போது தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. 1807-இல் 'ஸ்னைப்' என்ற கப்பல் கரையிலிருந்து ஏறக்குறைய அறுபது கஜத்தில் உடைந்து அறுபதுக்கு மேற்பட்டோர் சாவதைக் கண்ணால் பார்த்தார். சிறுவயதில் ஒரு சிறு பீரங்கியால் சர்ச்சுக்கு மேலே கயிற்றைச் சுட்டு விளையாடியது நினைவுக்கு வந்தது. குண்டில் கயிற்றைக் கட்டிச் சுட்டார். கயிறு கருகி அறுந்தது. சங்கிலி கட்டினார். அதுவும் அறுந்தது. கடைசியில் பதப்படுத்தாத தோலைப் பின்னிக் குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே கோத்தார். அது தாங்கியது. 1808 பிப்ரவரியில் 'எலிசபெத்' கப்பலின் ஏழு மாலுமிகள் அந்தக் கயிற்றால் கரை சேர்ந்தார்கள். தங்களை நோக்கிப் பீரங்கி திரும்பியதைப் பார்த்த கணத்தில் அந்த ஏழு பேரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம் கார்ன்வாலில் ஹென்றி டிரெங்ரூஸ் என்ற மரச்சாமான் தச்சர். 1807 டிசம்பரில் 'ஆன்சன்' போர்க்கப்பல் அவர் ஊர்க் கரையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர். ராஜா பிறந்தநாள் வாணவேடிக்கையில் ராக்கெட் சீறிப்போவதைக் கண்டதும் பொறி தட்டியது. பீரங்கி எதற்கு, ராக்கெட்டில் கயிற்றைக் கட்டினால்? அதுவும் கப்பலிலிருந்து கரைக்கு விட்டால்? காற்று கரையை நோக்கி வீசுவதால்தானே கப்பல் அங்கே வந்து மாட்டியது. அதே காற்று ராக்கெட்டையும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். கரையில் பீரங்கி வண்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மேன்பியின் யோசனையைவிட ஒரு படி மேல்.

சொந்தப் பணம் சுமார் 3,000 பவுண்டைக் கரைத்தார். அரசாங்கம் மகிழ்ந்து போய் இருபது செட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. பிறகு இன்னும் மகிழ்ந்து போய், இதை நாமே செய்துகொள்ளலாமே என்று ஆர்டரை வாபஸ் வாங்கி, நஷ்ட ஈடாக 50 பவுண்டு கொடுத்தது. ரஷ்யப் பேரரசர் வழக்கம்போல வைர மோதிரம் அனுப்பினார். அந்த மோதிரம் அடகுக் கடைக்குப் போனது.

கயிறு சேர்ந்த பின் ஆள் எப்படி வருவது? வட்ட மிதவைக்குள் கித்தான் அரைக்கால் சட்டையைத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டார் கிஸ்பி என்ற கடற்படை அதிகாரி. கால்களை விட்டு உட்கார்ந்தால் கரையிலிருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். எத்தனையோ கம்பீரமான கப்பல் தலைவர்கள் அந்த அரைக்கால் சட்டையில் ஊசலாடியபடி ஊர் பார்க்கக் கரையேறியிருக்கிறார்கள். அந்தஸ்து போனது, உயிர் வந்தது.

ஒற்றை ஆள் படலம்

1854-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் ஆய்வாளர் கேப்டன் வார்டு, தக்கைக் கட்டைகளை வரிசையாகத் தைத்த சட்டை ஒன்றை வடிவமைத்தார். கனமாக இருக்கும், முண்டு முண்டாக இருக்கும், போட்டவன் பீப்பாய் மாதிரித் தெரிவான். ஆனால் துடுப்புப் போடக் கை தாராளமாக அசையும்.

1861 பிப்ரவரி 9. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பெரும் புயல். விட்பி ஊரின் படகுக்காரர்கள் காலையிலிருந்து ஐந்து முறை கடலுக்குப் போய் மாலுமிகளைக் கரைசேர்த்தார்கள். ஆறாவது முறை படகு கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் போனார்கள். மிஞ்சியவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே. அன்றைக்கு அந்தப் புது மாதிரித் தக்கைச் சட்டையைப் போட்டிருந்தவரும் அவர் ஒருவரே.

நையாண்டி செய்ய இதில் இடமில்லை. எத்தனை பிரசங்கம் செய்தும் ஏறாத விஷயம் அந்த ஒரே நாளில் எல்லாக் கரையிலும் ஏறியது. பிற்பாடு எடுத்த புகைப்படம் ஒன்றில் தாடிக்கார ஃப்ரீமன் அந்தச் சட்டையோடு நிற்கிறார். அதைவிட நல்ல விளம்பரம் அந்தச் சட்டைக்கு அமையவில்லை.

சுருட்டுப் படலம்

நையாண்டிக்கு ஆள் வேண்டுமென்றால் பால் பாய்ட்டன் இருக்கிறார். மெரிமன் என்ற அமெரிக்கர் செய்த ரப்பர் உடை ஒன்று கப்பல் பயணிகளின் உயிர்காப்புக்கென்று வந்தது. ரப்பர்க் கால்சட்டை, ரப்பர் மேல்சட்டை, இடையில் இறுக்கும் பட்டை, குழாய் வழியாக வாயால் ஊதிக்கொள்ளும் காற்றுப் பைகள். இதை உலகுக்குக் காட்ட 1874-இல் பாய்ட்டன் அமெரிக்கக் கரையைத் தாண்டியதும் கப்பலிலிருந்து குதிப்பதாகத் திட்டமிட்டார். கப்பல் தலைவர் பிடித்து வைத்துக்கொண்டார். கப்பல்காரர்கள் பயணிகள் விழாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவோ பாடுபடுகிறார்கள். இவர் தானாக வந்து விழப் பார்க்கிறார். அயர்லாந்து நெருங்கியபோது ஒருவழியாகக் குதித்து, புயலில் சிக்கி, எப்படியோ கரையேறிப் புகழ் பெற்றார்.

1875 மே மாதம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மல்லாந்து, காலை முன்னே நீட்டி, இரட்டைத் துடுப்புப் போட்டு, பாதத்தில் ஒரு குட்டிப் பாய்மரம் நட்டு, வாயில் சுருட்டுப் புகைய ஏறக்குறைய 24 மணி நேரம். அதே வருடம் ஆகஸ்டில் கேப்டன் மேத்யூ வெப் அதே கால்வாயை எந்த உடையும் துடுப்பும் இல்லாமல் உடம்பில் கொழுப்பெண்ணெய் பூசிக்கொண்டு 21 மணி 45 நிமிடத்தில் நீந்தினார். உயிர்காப்பு உடையைவிட வெறும் உடம்பு இரண்டு மணி நேரம் முந்தி வந்துவிட்டது.

ஆனால் வெப் கதையில் முந்தைய பக்கம் ஒன்று உண்டு. 1873-இல் நடு அட்லாண்டிக்கில் 'ரஷ்யா' கப்பலிலிருந்து ஒரு மாலுமி விழுந்தபோது பின்னாலேயே குதித்தவர் அவர். உலகின் தலைசிறந்த நீச்சல்காரர் அரை மணி நேரத்துக்கு மேல் தேடியும் அந்த ஆள் கிடைக்கவில்லை. வெப்புக்குப் பதக்கமும் 100 பவுண்டும் கிடைத்தன. சுருட்டு பிடிக்கும் ரப்பர் உடை எதற்கு என்று சிரித்தவர்களுக்குப் பதில் அதில் இருக்கிறது.

சட்டப் படலம்

இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடிப்பாளர்கள் ஒதுங்கிக்கொள்ள, சட்டம் மேடையேறியது. ஒரு தக்கைச் சட்டையில் இவ்வளவு எடைக்கு நல்ல தக்கை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 1904-இல் நியூயார்க்கில் 'ஜெனரல் ஸ்லோக்கம்' என்ற உல்லாசப் படகு தீப்பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தாய்மாரும் குழந்தைகளும். அதில் இருந்த சட்டைகளின் தக்கை மக்கித் தூளாகியிருந்தது. பிறகு நடந்த விசாரணையில் தக்கைக் கட்டைகளுக்குள் இரும்புத் துண்டு வைத்து எடையைச் சரிக்கட்டியிருந்த சங்கதி வெளியே வந்தது. மிதக்கும் பொருளை எடை போட்டு வாங்கினால் இரும்புதான் வரும்.

'டைட்டானிக்' விதியை மீறவில்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகு போதும் என்றது 1894-ஆம் வருட விதி. டைட்டானிக் 46,000 டன். இருபது படகு வைத்திருந்ததால் விதிக்கு மேல் நான்கு! அவற்றில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் 2,200-க்கு மேல். மிதவைச் சட்டைகள் 3,560 இருந்தன, ஆளுக்கொன்று போக மிச்சம். பலரும் அதைப் போட்டுக்கொண்டு மிதந்தபடியே குளிரில் இறந்தார்கள்.

உடனே எல்லாரும் படகுகளைக் கூட்டினார்கள். 1915-இல் சிகாகோவில் 'ஈஸ்ட்லாண்ட்' கப்பலிலும் கூடுதல் படகுகள் ஏறின. ஏற்கெனவே தலைக்கனம் பிடித்த அந்தக் கப்பல், துறையில் கட்டப்பட்டிருந்தபடியே சாய்ந்து 844 பேர் இறந்தார்கள். உயிர்காப்புப் படகின் பாரமும் சேர்ந்து கப்பலைக் கவிழ்த்தது என்று எழுதுவதற்கு இந்தப் புராணத்தில் எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை.

இலவம் படலம்

தக்கை கனமானது, விறைப்பானது. அதன் இடத்துக்கு வந்தது நம் தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு. அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றுள்ள குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் லேசில் ஏறாது. 1904 முதல் பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகுகளில் தக்கையைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்தது. எண்ணெய் பட்டால் மிதப்பு போய்விடும் என்பதுதான் குறை.

உலகத்துக்கு இலவம்பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படை இலவு காத்த கிளியானது. மாற்றுத் தேடி அவர்கள் போய் நின்றது ஒரு களைச்செடி முன்னால். நம் எருக்குக்கு அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை அது. காய் வெடித்தால் அதே மாதிரிப் பஞ்சு பறக்கும். பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பிக் காய் பறிக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டைக் காய்க்கு ஒரு சட்டை என்பது கணக்கு. வீட்டுப்பாடத்துக்குப் பதிலாகக் களை பறித்து யுத்தத்துக்கு உதவிய தலைமுறை அது. விமானிகளுக்கு மட்டும் ஊதினால் புடைக்கும் ரப்பர்ச் சட்டை. மார்புப் பக்கம் அது எடுத்த வடிவத்தைப் பார்த்து ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட் பெயரையே பையன்கள் அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

உறக்கப் படலம்

அதே யுத்தத்தில் ஒரு சிக்கல். சட்டை மிதக்கிறது, விமானியும் மிதக்கிறார், ஆனால் மயங்கியவர் முகம் தண்ணீருக்குள் கிடந்தால்? விழித்திருப்பவரை வைத்துச் சோதித்தால் பயனில்லை. அவர் தன்னையறியாமல் கழுத்தை நிமிர்த்திக்கொள்வார். உண்மையிலேயே நினைவில்லாத ஆள் வேண்டும்.

எட்கர் பாஸ்க் என்ற இளம் மயக்க மருந்து டாக்டர் நான் வருகிறேன் என்றார். அவருடைய பேராசிரியர் ராபர்ட் மேக்கின்டாஷ் அவருக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்து, மூச்சுக் குழாயைப் பொருத்தி, ஒவ்வொரு மாதிரிச் சட்டையாக மாட்டி நீச்சல்குளத்தில் இறக்கினார். சில சட்டைகள் அவரைக் குப்புறத் தள்ளின. சில கொண்டுபோய் அடியில் விட்டன. எடுத்துத் துவட்டி, மறுபடியும் மயக்கம், மறுபடியும் குளம். முகத்தை மேலே திருப்பி வைக்கிற சட்டை எது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆராய்ச்சி முழுவதையும் தூங்கிக்கொண்டே செய்து முடித்த ஒரே ஆள் இவர் என்று மேக்கின்டாஷ் பிற்பாடு கேலி செய்தார். நம் ஊரில் தூங்கியே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டுதான். ஆனால் தண்ணீருக்குள் இல்லை. அந்தச் சோதனைகள் பாஸ்க்கின் உடம்பைச் சும்மா விடவில்லை. 1966-இல், 53 வயதில் இறந்தார்.

நூற்பயன்

இன்று கப்பலில் தொங்கும் வட்ட மிதவைக்குச் சர்வதேச விதி உண்டு. வெளிவட்டம் 80 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உள்வட்டம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதாவது இடுப்புச் சுற்று 126 செ.மீ. வரை உள்ளவர்களுக்குச் சர்வதேச உத்தரவாதம் உண்டு. அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம். எடை 2.5 கிலோவாவது இருக்க வேண்டும். லேசாக இருந்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். 14.5 கிலோ இரும்பை 24 மணி நேரம் தண்ணீரில் தாங்க வேண்டும். இரும்பு வெளியே தொங்க வேண்டும், உள்ளே அல்ல.

யாராவது கடலில் விழுந்தால் முதல் வேலை கத்துவது. இரண்டாவது, கையில் அகப்படும் மிதவையை வீசுவது. மூன்றாவதுதான் முக்கியம்: ஒருவர் வேறெதுவும் செய்யாமல் விழுந்தவரைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. போனில் படம் எடுப்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

புராணத்தைப் படித்தவர்க்குப் பலன் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்த முறை பிச்சாவரத்திலோ முட்டுக்காட்டிலோ படகேறும்போது ஆரஞ்சு நிறத்தில் அழுக்காக ஒரு சட்டையை நீட்டுவார்கள். வியர்வை நாற்றம் அடிக்கும், போட்டோவில் நன்றாக இருக்காது. மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், தலையணை ஆக்காதீர்கள். போட்டு, முன்னால் இருக்கும் கொக்கிகளை எல்லாம் மாட்டி, பட்டையை இறுக்குங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவைக் கேட்டு வாங்குங்கள். கேட்டுப் பெற மோதிரம் எதுவும் அடகு வைக்க வேண்டியதில்லை. டிக்கெட் காசிலேயே அடக்கம்.